வந்து சேர்ந்தாத்தான் ஒரு சுத்து!

ஒரு உருண்டையைச் சுற்ற வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையேதான் நானும் சொன்னேன். 'ரெண்டு மணி நேரம் மச்சி... முடிச்சிரலாம்!' சொல்லிப் பதினெட்டு நாள் ஆகியும் என் லேப்டாப்பில் பூமி உருப்படியாகச் சுற்றவில்லை. திங்கட்கிழமை புராஜெக்ட் ரிவ்யூ. டீமில் மற்ற மூன்று பேரும் 'கோடு உன் டிபார்ட்மென்ட்' என்று அழகாகக் கை கழுவிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சங்கரன்கோவிலில் இருந்து ஆச்சியின் போன்.

"ஏலே... ஆடித்தபசுக்குக் கொடியேத்தி எட்டு நாளாச்சு. எனக்கு நூத்தியெட்டு சுத்து நேத்திக்கடன். முட்டு வலி தாங்கல. கூட நடக்க ஒரு ஆள் வேணும். வாரியா?"

வர முடியாது என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால், அந்த நேர்த்திக்கடன் யாருக்காக என்று எனக்குத் தெரியும். துபாயில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் சித்தப்பாவுக்காக. 'அடுத்த மாசம் வாரேன்மா' என்று சொல்லிச் சொல்லியே மூன்று ஆடி போய்விட்டது. சொல்லப் போனால், என் புராஜெக்ட்டுக்கு விதை போட்டதே ஆச்சிதான். போன் போடுவதற்கு முன்னால் தினமும், "இப்ப அங்க விடிஞ்சிருக்குமாலே?" என்று கேட்பாள். ஊரையும் துபாயையும் ஒரே உருண்டையில் சுற்றவிட்டு, பகல் எங்கே, இரவு எங்கே என்று காட்டிவிட்டால்? இதுதான் ஐடியா!

லேப்டாப்பைப் பையில் போட்டேன். பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

சத்தத்தோடு வரவேற்கும் ஊர்

சென்னையில் இருந்து வருகிறீர்கள் என்றால், காலையில் ராஜபாளையம் தாண்டும்போது தூங்கிவிடாதீர்கள். வலது பக்க ஜன்னல் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே ஓடி வரும். அடுத்த பெரிய ஊர் சங்கரன்கோவில். ரொம்ப காலம் திருநெல்வேலி மாவட்டம். 2019-ல் இருந்து தென்காசி மாவட்டம். ஆனால் ஆச்சியைக் கேட்டால் இன்னும் 'திருநவேலி ஜில்லா'தான்.

ஊருக்குள் நுழைந்தால் சில தெருக்களில் ஒரு சத்தம் வரவேற்கும். விசைத்தறி! 'தடக் தடக்' என்று விடாமல் ஓடும். பூ மார்க்கெட் பக்கம் போனால் மல்லிகை வாசம். பஜார் பக்கம் போனால் மட்டன் பிரியாணி வாசம். (நேர்த்திக்கடன் வீட்டில் தங்கிக்கொண்டு பிரியாணி சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். இந்தப் பத்திரிகை ஆச்சி வீட்டுக்கும் வருகிறது!)

எல்லாத் தெருவும் கடைசியில் கொண்டுபோய் விடுவது ஒன்பது நிலை ராஜகோபுரத்தின் முன்னால். உள்ளே மூன்று சன்னதிகள். சங்கரலிங்கம் ஒரு பக்கம், கோமதி அம்மன் ஒரு பக்கம், நடுவில் பாதி சிவன், பாதி விஷ்ணுவாக நிற்கிற சங்கரநாராயணர். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்களுக்குள் 'உன் சாமி பெரிசா, என் சாமி பெரிசா' என்று சண்டை. இருவரையும் ஒன்றாகக் காட்டும்படி அம்மன் தவம் இருந்ததாகக் கதை. அதுதான் ஆடித்தபசு. பன்னிரண்டு நாள் திருவிழா.

இந்த நாட்களில் பிராகாரத்தைப் பார்க்க வேண்டுமே! கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பேச்சுக்கூட இல்லாமல் விறுவிறுவென்று ஒரு நடை. இதற்குப் பெயர் ஆடிச்சுற்று.

"எதுக்கு ஆச்சி இத்தனை சுத்து?"

"அம்மன் ஒத்தக் கால்ல நின்னு தவசு இருக்கா. கால் வலிக்காதா? நாம நடந்தா அந்த வலியில கொஞ்சம் நமக்கு வந்துரும். அவளுக்குக் குறையும்."

முட்டு வலியோடு நடக்கும் எழுபத்தோரு வயது ஆச்சி, இதை ஏதோ கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

எழுபத்திரண்டு சுற்று முடிந்திருந்தது. மிச்சம் முப்பத்தாறு. மூன்று நாள், நாளுக்குப் பன்னிரண்டு என்று திட்டம். முந்தானை முடிச்சில் புளியங்கொட்டை. ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை, கையில் தொங்கும் மஞ்சள் பைக்குள் போகும். புறப்படும் இடத்துக்கு அடையாளமாக ஒரு தூண். சிம்பிள் சிஸ்டம்!

திண்ணையில் ஒரு பூமி

ராத்திரி திண்ணையில் லேப்டாப்பைத் திறந்தேன். கோடு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் பாஸ். ப்ளஸ் டூ கணக்குதான்.

பூமியில் எந்த இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை. சங்கரன்கோவிலுக்கு, சுமார் 9.17 டிகிரி வடக்கு, 77.54 டிகிரி கிழக்கு. ஆனால் ஸ்கிரீனுக்கு இதெல்லாம் புரியாது. 'குறுக்கே எவ்வளவு, உயரே எவ்வளவு' என்று சொன்னால்தான் புள்ளி வைக்கும். அந்த மொழிபெயர்ப்புக்கு மூன்றே வரிகள்:

குறுக்கு = ஆரம் × காஸ்(அட்சம்) × சைன்(தீர்க்கம் – நடு)
உயரம் = ஆரம் × சைன்(அட்சம்)
ஆழம் = ஆரம் × காஸ்(அட்சம்) × காஸ்(தீர்க்கம் – நடு)

'நடு' என்பது இப்போது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற தீர்க்கரேகை. ஆரம் 100, நடுவில் கிரீன்விச், அதாவது பூஜ்யம் என்று வையுங்கள். சங்கரன்கோவிலுக்குக் குறுக்கு 96.4, உயரம் 15.9, ஆழம் 21.3 வரும். நம்ம ஊர் உருண்டையின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். ஆரத்தின் வர்க்கம், கிட்டத்தட்ட 10,000 வரும். வரவில்லை என்றால் எங்கேயோ சொதப்பல்.

இதை ஒரு ஊருக்குச் செய்தால் ஒரு புள்ளி. அட்சரேகையை மைனஸ் 80-ல் இருந்து 80 வரை பத்துப் பத்தாகவும், தீர்க்கரேகையை 0-வில் இருந்து 350 வரை பத்துப் பத்தாகவும் ஓடவிட்டால் 17 × 36 = 612 புள்ளிகள். இரண்டு துருவங்களையும் சேர்த்தால் 614. உருண்டை ரெடி! 'நடு'வைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் 614 புள்ளிகளையும் புதிதாகக் கணக்குப் போட்டு வரைந்தால் அது சுற்றும். பத்து டிகிரிக்கு ஒரு படம். நொடிக்குப் பன்னிரண்டு படம் ஓட்டினால், மூன்று நொடியில் பூமிக்கு ஒரு நாள் முடிந்துவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் நாள் எனக்கு வந்தது உருண்டை இல்லை, கொட்டிய பொரி! காரணம், கம்ப்யூட்டரின் சைனுக்கு டிகிரி தெரியாது, ரேடியன்தான் தெரியும். ஒரு ரேடியன் என்பது சுமார் 57.3 டிகிரி. சைன் 10 டிகிரி 0.17. வெறும் 10 என்று கொடுத்தால், பத்து ரேடியன் என்று எடுத்துக்கொண்டு மைனஸ் 0.54 என்று பதில் சொல்கிறது. அதைச் சரி செய்தால் கன்னியாகுமரி மேலே, காஷ்மீர் கீழே! ஸ்கிரீனில் உயரத்தை மேலிருந்து கீழாக எண்ணுவார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்த இரண்டையும் ஹாஸ்டலிலேயே முடித்துவிட்டேன். ஊருக்கு மூட்டை கட்டி வந்தது வேறு வியாதி. உருண்டை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றே தெரியவில்லை. ஒரு நேரம் வலப்பக்கம் மாதிரி இருக்கும். கண்ணைச் சிமிட்டினால் இடப்பக்கம்!

தூணடியில் கிடைத்த பதில்

இரண்டாம் நாள் ஐந்தாவது சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. (சிரிக்காதீர்கள். நீங்கள் நடந்து பாருங்கள்!) அடையாளத் தூணடியில் உட்கார்ந்துவிட்டேன். ஆச்சி நிற்கவில்லை. எனக்கு முன்னால் நடந்தாள், ஓரத்தில் திரும்பினாள், மறைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்து ஓரத்தில் முளைத்தாள்.

அடுத்த தடவை ஆச்சி மறைந்தபோதுதான் தலையில் குட்டியது மாதிரி இருந்தது. ஆச்சி பின்பக்கம் போனால் எனக்கு ஏன் தெரியவில்லை? நடுவில் கோயில் இருக்கிறது! என் பூமிக்கு நடுவில் ஒன்றுமே இல்லையே. கண்ணாடி உருண்டை மாதிரி 614 புள்ளிகளையும் வரைந்துகொண்டிருக்கிறேன். முன்பக்கப் புள்ளிகள் ஒரு திசையில் போனால், பின்பக்கப் புள்ளிகள் எதிர்த் திசையில் போகும். இரண்டையும் ஒன்றாகக் காட்டினால் கண்ணுக்கு எது முன்னால், எது பின்னால் என்று எப்படித் தெரியும்?

மூன்று வரியில் மூன்றாவது வரி ஞாபகம் இருக்கிறதா? ஆழம். 'ஸ்கிரீன் தட்டைதானே, ஆழம் எதுக்கு?' என்று தூக்கிப் போட்டிருந்தேன். ஆழம் ப்ளஸ் என்றால் நம் பக்கம். மைனஸ் என்றால் மறுபக்கம், வரையாதே. ஒரே ஒரு 'இஃப்'. பதினெட்டு நாள் தலைவலிக்கு மருந்து அவ்வளவுதான்.

சாயங்காலம் திருவிழாக் கடைப் பக்கம் போனபோது இன்னொரு பாடம். குடை ராட்டினத்தில் குதிரை மேல் ஒரு வாண்டு. நமக்கு நேர் எதிரே வரும்போது 'விர்'ரென்று கடந்துவிடுகிறான். ஓரத்துக்குப் போனதும் அப்படியே நின்றுவிடுகிற மாதிரி இருக்கிறது. ராட்டினம் என்னவோ ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. அதுதான் சைன்! ஆரம் 100 என்றால், நடுவில் இருந்து முதல் பத்து டிகிரிக்குப் புள்ளி 17 அடி எடுத்து வைக்கும். ஓரத்துக்கு முந்தைய கடைசிப் பத்து டிகிரிக்கு ஒன்றரைதான். ஓரத்தில் புள்ளிகள் நெருக்கிக்கொண்டு நிற்பதைத் தப்பு என்று நினைத்து நான் திருத்தப் பார்த்தேன். உருண்டை உருண்டையாகத் தெரிவதே அந்த நெருக்கத்தால்தான்.

'சின்னவனுக்கு எப்படி முதல்ல விடியும்?'

அன்று ராத்திரி திண்ணையில் பூமி நிஜமாகவே சுற்றியது. ஸ்கிரீனின் இடது பாதி பகல், வலது பாதி இரவு. ஊருக்குச் சிவப்புப் புள்ளி, துபாய்க்குப் பச்சைப் புள்ளி. பெருமையாக ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பச்சை யாரு?"

"சித்தப்பா."

"தப்பால்லா இருக்கு!"

"என்ன தப்பு?"

"சின்னவனுக்கு எப்படி முதல்ல விடியும்? நமக்கு விடிஞ்சு, நான் காப்பி குடிச்சு, வாசத் தெளிச்ச பொறவுதான அவன் எந்திப்பான்? இதுல அவன் முதல்ல வெளிச்சத்துக்குப் போறான்!"

நன்றாகப் பார்த்தேன். பச்சை முன்னால் போக, சிவப்பு பின்னால் போய்க்கொண்டிருந்தது. என் பூமி ரிவர்ஸ் கியரில் சுற்றிக்கொண்டிருந்தது!

எங்கே தப்பு என்று யோசித்தால்... கோயிலேதான். இரண்டு நாளாகப் பார்த்த ஆடிச்சுற்று மனசில் ஒட்டிக்கொண்டது. வலம் வருபவர்களை வெளியே நின்று பார்த்தால் வலமிருந்து இடமாகப் போவார்கள். வானத்தில் சூரியன் போகிற மாதிரி தெரிகிற திசையும் அதுதான்: கிழக்கு, தெற்கு, மேற்கு. பூமி சுற்றுவது அதற்கு நேர் எதிரே, மேற்கில் இருந்து கிழக்கே. வட துருவத்துக்கு மேலே நின்று பார்த்தால் பூமி வலம் வருவதில்லை, இடம் வருகிறது! 'நடு'வைப் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தவன் கழிக்க ஆரம்பித்தேன். வெளிச்சத்தை வலது பாதிக்கு மாற்றினேன். இப்போது சிவப்புக்கு முதலில் விடிந்தது. கொஞ்சம் பொறுத்துப் பச்சைக்கு.

"இப்ப சரி" என்றாள் ஆச்சி. சர்ட்டிஃபிகேட்!

கணக்கும் ஆச்சி பக்கம்தான். துபாய் இருப்பது சுமார் 55.3 டிகிரி கிழக்கில். நமக்கும் அதற்கும் 22.2 டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரி திரும்பப் பூமிக்கு நான்கு நிமிடம். ஆக, நம் தலைக்கு மேல் சூரியன் உச்சிக்கு வந்து சுமார் 89 நிமிடம் கழித்துத்தான் அங்கே உச்சிக்கு வரும். கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரம். ஆச்சிக்கு இந்த எண் எதுவும் தெரியாது. காப்பி, வாசல் தெளிப்பது... இவ்வளவுதான் அவளுடைய தீர்க்கரேகை.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆரியபட்டர். 476-ல் பிறந்தவர், 499-ல் தன் 23-வது வயதைக் குறிப்பிட்டு 'ஆரியபடீயம்' எழுதியவர். நம்மைவிட இரண்டு மூன்று செட் சீனியர், அவ்வளவுதான்! படகில் போகிறவனுக்குக் கரையில் நிற்பதெல்லாம் பின்னால் போகிற மாதிரி தெரிகிறது அல்லவா, அதே போல நிற்கிற நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகிறது என்றார். பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது என்று திசையையும் சொன்னார். 43,20,000 ஆண்டுகளில் 158,22,37,500 சுற்று என்று எண்ணிக்கையையும் கொடுத்தார். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 23 மணி, 56 நிமிடம், 4 நொடி. நட்சத்திரங்களை வைத்து இன்று அளக்கிற கணக்கும் அதுவே. போதாததற்கு, 90 டிகிரியை 24 பங்காக்கி, மூணே முக்கால் டிகிரிக்கு ஒரு சைன் என்று வரிசை கட்டிக் கொடுத்திருக்கிறார். நம் ஃபார் லூப்புக்கு ஆயிரத்து ஐந்நூறு வயது மூத்த அண்ணன்!

ஒரு கொட்டை மிச்சம்

ஞாயிற்றுக்கிழமை. தபசு நாள். விடியும் முன்பே பிராகாரத்தில் இடம் இல்லை. கடைசிப் பன்னிரண்டு சுற்று. ஆச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கால் நன்றாக வீங்கியிருந்தது. 'போதும் ஆச்சி, மிச்சத்தை நான் நடக்கிறேன்' என்றேன். காதில் வாங்கவே இல்லை.

எனக்கோ மனசு பாதி கோடில். ஒரே ஒரு குறைதான் பாக்கி. பூமி ஒரு சுற்று முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது ஒரு சின்னத் திக்கல். வண்டி ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்குவது மாதிரி. மூன்று நொடிக்கு ஒரு தடவை. பார்க்கிறவனுக்கு எரிச்சல் வரும்.

அடையாளத் தூணை நெருங்கினோம். நானும் விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் வந்தேன். "நூத்தியெட்டு! முடிஞ்சுது ஆச்சி, உக்காரு" என்றேன்.

"நூத்தியேழு" என்றாள். மஞ்சள் பைக்குள் ஒரு கொட்டை விழுந்தது.

"இல்ல ஆச்சி, நான் சரியா எண்ணினேன். காலையில இந்தத் தூண்ல புறப்படும்போது ஒண்ணு..."

"கிறுக்கா! புறப்படும்போது எண்ணக் கூடாதுலே. போறது கணக்கில்ல. வந்து சேர்ந்தாத்தான் ஒரு சுத்து."

ஆச்சி என்னை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் திக்கல் புரிந்துவிட்டது. 0-வில் இருந்து 360 வரை பத்துப் பத்தாக எண்ணினால் வருவது 36 இல்லை, 37. முதல் படமும் கடைசிப் படமும் ஒரே இடம். பூஜ்யமும் 360-ம் ஒரே தூண். நான் புறப்படும்போதும் எண்ணி, வந்து சேரும்போதும் எண்ணியிருக்கிறேன். அந்த ஒரே இடத்தில் பூமி இரண்டு படத்துக்கு நின்றிருக்கிறது. 350-லேயே நிறுத்திவிட்டால் தீர்ந்தது!

சாயங்காலம் தபசுக் காட்சி. விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் கூட்டத்துக்கு மேலே வீசுகிறார்கள். ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணர். பாதி இவர், பாதி அவர். என் அருகில் ஆச்சி ஒற்றைக் காலில் கனத்தைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். மற்றக் காலை ஊன்ற முடியவில்லை.

நீங்களும் ஒரு தடவை வாருங்கள். ஆடிக்கு வர முடியாவிட்டால் சித்திரை முதல் தேதிக்கு வாருங்கள். ஏப்ரல் 14-ஐ ஒட்டிச் சூரியன் நேராக இந்த ஊரின் தலைக்கு மேல் வரும். பகல் பன்னிரண்டு மணிக்கு இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரியை வைத்து ஓடுவதால் நம் ஊருக்கு இருபது நிமிடம் லேட். 12.20-க்கு வெயிலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் காணாமல் போயிருக்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் 21-ம் தேதியை ஒட்டி, காலை வெயில் கோயிலுக்குள் நுழைந்து சங்கரலிங்கத்தின் மேல் விழும் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிற நாட்கள் அவை. குச்சி கிடைக்கவில்லை என்றால் ராஜகோபுரத்தின் முன்னால் ஒரு டீயோடு சும்மா நில்லுங்கள். நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள் என்று நினைப்பீர்கள். மணிக்குச் சுமார் 1,650 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருப்பீர்கள்!

திங்கட்கிழமை ரிவ்யூ என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? திக்காமல் சுற்றியது. 'எந்த வெப்சைட்டில் இருந்து எடுத்தே?' என்றுதான் கேட்டார்கள். 'சங்கரன்கோவில் சார்' என்றேன். நம்பவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஆச்சியின் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். முந்தானை முடிச்சு தளர்ந்திருந்தது. உள்ளே ஒரு புளியங்கொட்டை.

"ஆச்சி! ஒரு கொட்டை மிச்சம் இருக்கு. கணக்குத் தப்பிட்டியா?"

"தப்பல. நூத்தியெட்டும் பையில இருக்கு, எண்ணிப் பாரு." முடிச்சை இறுக்கிப் போட்டுக்கொண்டாள். "இது சின்னவனோடது. அவன் புறப்பட்டுப் போயி மூணு வருசமாச்சு. வந்து சேர்ந்ததும் போட்டுக்கிடலாம்."